உங்கள் சம்பில் இருப்பது எந்தத் தண்ணீர்?

துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுக் குழாயில் வருவது அநேகமாக ஒரே தண்ணீர் அல்ல. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்) மூன்றும் ஒரே சம்பில் (தரைக்கு அடியில் கட்டிய தொட்டி) விழுந்து கலந்துதான் மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீரோடு கலந்துவிட்டு, பிறகு காசு கொடுத்துச் சுத்தம் செய்கிறோம். என் வருத்தமெல்லாம் இதில்தான்.

மாநகராட்சிக்குள் இருந்தும் குழாய்த் தண்ணீர் ஏன் சரியாக வருவதில்லை? இந்தப் பகுதிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்ததே 2011-இல்தான். அப்போது நகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வீடுகள் முந்திக்கொண்டன, குழாய் பின்னால் வருகிறது. தெருவில் குழாய் பதித்துவிட்டால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. மேல்நிலைத் தொட்டியும், அதற்கு நீர் கொண்டுவரும் பெரிய குழாயும், கடைசியில் உங்கள் வீட்டு இணைப்பும் முடிந்தாக வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் நெம்மேலி ஆலை 2013-இல் வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது. உங்கள் தெருவுக்கு எப்போது என்பதைப் பகுதிக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.

தெருக்குழாயில் வேகம் இல்லை, நேராக மோட்டார் போட்டு இழுத்தால் என்ன? தயவுசெய்து வேண்டாம். சட்டப்படி தவறு என்பதோடு, உங்கள் குடும்பத்துக்கே ஆபத்து. குழாயில் தண்ணீர் இல்லாத நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகும். மோட்டார் இழுக்க இழுக்க, எங்கோ விரிசல் விட்ட இடத்தில் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே புகும். மோட்டார் இல்லாவிட்டாலும் தண்ணீர் திறந்ததும் முதல் சில நிமிடங்களுக்கு வருவதை வாளியில் பிடித்து முகர்ந்து பாருங்கள். கலங்கலோ நாற்றமோ போன பிறகு சம்புக்குத் திருப்புங்கள்.

போர் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது? கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் ஏறக்குறைய நாற்பது அடி வரை மேலே ஏறக்கூடும். "இன்னும் ஆழமாகப் போடுங்க சார்" என்று போர் போடுபவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். கடற்கரை ஓரத்தில் ஆழம் கூடக் கூட உப்புதான் கூடும்.

லாரித் தண்ணீர்? தெருவில் இழுபட்டு வந்த குழாயின் வாய், மண்ணோடு அப்படியே சம்புக்குள் இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கழுவிவிட்டு இறக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. லாரி வந்த அன்று 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மோட்டார் போடலாம்.

டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம்தானே? இல்லை. டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. மறுபக்கம், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. மெட்ரோ தண்ணீர் அந்த அளவுக்குள் இருந்தால் ஆர்.ஓ. இயந்திரமே வேண்டாம், நன்றாகத் தளதளவெனக் கொதிக்க வைத்தால் போதும். ஆர்.ஓ. வடிகட்டுவதைவிடக் கழிவாக வெளியேற்றுவது பெரும்பாலும் அதிகம்.

ஆகவே மெட்ரோ தண்ணீருக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டியும், அதிலிருந்து சமையலறைக்குத் தனிக் குழாயும் போடுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் முதலில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான கணக்கு. அதில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டியது சில லிட்டர்தான், எனவே பெரிய செலவு இல்லை.

இன்னொரு தண்ணீரும் இருக்கிறது, அதுவும் இலவசம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் மிஞ்சும். நாலு பேர் குடும்பத்துக்கு இருநூறு நாள் தேவை அது. அத்தனையையும் சேர்த்துவைக்கச் சம்பு போதாது. நிறைந்தது போக மிச்சத்தைக் கிணற்றிலோ உறிஞ்சுகுழியிலோ இறக்கினால் போர் தண்ணீரின் உப்பும் மெல்லக் குறையும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாயிற்று, உங்கள் வீட்டிலும் குழாய் இருக்கும். வடிகட்டியில் மணல் அடைத்துக் கிடக்கிறதா என்று செப்டம்பரிலேயே பாருங்கள். மாடியைக் கழுவி, முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து பிடியுங்கள்.