மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்குத் தெரு கறுப்பு வேட்டிகள் கண்ணில் படும். செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போகிற சாலையில்தான் இரண்டு ஊர்களும் இருக்கின்றன. மாலை போட்டவர் டாஸ்மாக் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வீட்டில் சொல்லியும் அழுதும் சண்டை போட்டும் நடக்காத ஒன்று 48 நாள் தானாக நடக்கிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பலர் பழையபடி கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். “சாமிக்குப் பயந்து இருந்தான்” என்று ஊர் இதைச் சொல்லி முடித்துவிடுகிறது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பக்தி தை மாதத்திலும் அவரிடம் இருக்கத்தான் செய்கிறது. இல்லாமல் போவது குருசாமியும், சாயங்காலப் பூஜைக்குக் கூடுகிற கூட்டமும், நேற்றுவரை ஏசிய வாயாலேயே “சாமி” என்று கூப்பிட்ட தெருவும்தான். கார்த்திகையில் அவரைத் தாங்கிய அந்தத் துணை வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியது நிறுத்தியபடி இருப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு மருத்துவர் கட்டாயம் வேண்டும். நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், அதற்குப் பின் எதிரே நிற்பவரை அடையாளம் தெரியாத அளவுக்குப் புத்தி குழம்பும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. மருத்துவமனையில் சேர்த்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். பிறகு வீட்டுக்கு வருகிறார்: அதே மில் ஷிஃப்ட், அதே சம்பள நாள், அதே நண்பர்கள். இரண்டாவது வேலை இங்கே தொடங்குகிறது, மருத்துவமனை இங்கே கைவிட்டுவிடுகிறது.

அந்த இடத்தில் கைகொடுப்பது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது. 1957இல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது. கூட்டத்தில் நடப்பது மிக எளிமையானது. வட்டமாக நாற்காலி போட்டிருக்கும். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிடமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். கட்டணம் கிடையாது; கடைசியில் சுற்றிவரும் பையில் முடிந்தவர் முடிந்ததைப் போடலாம்.

பேசினால் நோய் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் காக்ரேன் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏ.ஏ. கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் சொட்டுகூடத் தொடாமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். நூற்றுக்கு 58 பேருக்குப் பலிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைப்பதாகச் சொல்கிறது. அப்படியிருக்க, காசில்லாமல் கிடைப்பதை ஒதுக்கிவைக்க நமக்கு வசதியில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை தந்தது. நோயாளி எங்கே வாழ்கிறாரோ அங்கே துணை வேண்டும் என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

சின்ன ஊரில் யாருக்கும் தெரியாமல் கூட்டத்துக்குப் போக முடியுமா என்பதுதான் உண்மையான தடை. மாமனோ மேஸ்திரியோ பார்த்துவிடுவார். இதற்கு இந்த இரட்டை ஊர்களிடமே விடை இருக்கிறது. இடையே சுமார் 12 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டத்துக்கும், அங்குள்ளவர் இங்கும் போகலாம். ஊருக்கொன்றாக, வெவ்வேறு கிழமைகளில், ஷிஃப்ட் மாறினாலும் வர முடிகிற நேரத்தில் கூட்டம் நடந்தால் போதும். தெருமுனையில் கடையைத் திறந்துவைத்துவிட்டுக் கூட்டம் எதற்கு என்பாரும் உண்டு. கடையை மூடச் சொல்லும் கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை இன்று சாயங்காலம் நடுங்கும் கையோடு உட்கார்ந்திருப்பவர் காத்திருக்க முடியாது. கட்டணமில்லாத 14446 என்ற தேசிய உதவி எண்ணில் எங்கே போகலாம் என்று கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டிலேயே கூட்டத்தின் இடத்தையும் நேரத்தையும் எழுதிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

கணவர் ஒத்துக்கொள்ளும்வரை மனைவியும் காத்திருக்க வேண்டாம். அதற்காகக் குறுக்குவழியில் இறங்கவும் வேண்டாம். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்துக்கு ஊர்ச் சுவர்களில் விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். டைசல்ஃபிரம் போன்ற மாத்திரையை அப்படிக் கொடுத்து, அவர் அதன்மேல் குடித்தால், கடும் வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து ஆளையே இழக்க நேரிடலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இவர் அங்கே போகலாம், அவருடைய சம்மதம் தேவையில்லை.