மேடையில் மிதிபடும் பட்டன்... கிட்டார் பெடல் சுவிட்ச் ஏன் பாதியில் கைவிடுகிறது?

மாரியம்மன் திருவிழா. தேர் நிலைக்கு வந்துவிட்டது, கோயில் திடலில் ஜெனரேட்டர் ஓடுகிறது, இரவு பத்து மணிக்கு இன்னிசைக் கச்சேரி. சேலம் மாவட்டம் கெங்கவல்லியிலும், பக்கத்தில் தம்மம்பட்டி, ஆத்தூர் வட்டாரத்திலும் பழகிப்போன காட்சி இது. கூட்டத்தின் கண் பாடுகிறவர் மேல் இருக்கும். கிட்டார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளை யாரும் பார்ப்பதில்லை. அவர் மட்டும் பார்ப்பார், அதுவும் கொஞ்சம் பயத்தோடு.

அந்தப் பெட்டிகளின் பெயர் எஃபெக்ட்ஸ் பெடல். ஒன்றை மிதித்தால் கிட்டார் கரகரவென்று உறுமும். இன்னொன்றை மிதித்தால் மலைக்கு நடுவே கத்தியதுபோல எதிரொலிக்கும். ஒரே ராத்திரியில் 1980-களின் இளையராஜா பாட்டும் வேண்டும், நேற்று ரிலீஸான அனிருத் பாட்டும் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற ஊரில், ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு பத்து விதமான சத்தம் காட்ட இந்தப் பெட்டிகள்தான் துணை. கை இரண்டும் வாசிப்பில் இருப்பதால் ஆன், ஆஃப் எல்லாம் காலால்தான். அந்த வேலையைச் செய்வது பெட்டியின் மேல் இருக்கும் ஒரே ஒரு சுவிட்ச். பெடலில் முதலில் பழுதாகும் பாகங்களில் ஒன்றும் அதுதான்.

பாட்டுக்கு நடுவே அது கைவிட்டால் என்ன ஆகும்? பல்லவி முடிந்து கிட்டார் சோலோ வரவேண்டிய இடத்தில் மௌனம். அல்லது சோலோ முடிந்த பிறகும் நிற்காத உறுமல். கீபோர்டுக்காரர் சமாளித்துவிடுவார். ஆனால் விழாக் கமிட்டிக்காரர்களின் ஞாபகத்தில் அது நிற்கும், அடுத்த வருட அட்வான்ஸ் பேசும்போது வெளியே வரும்.

காலிங் பெல்லா, லைட் சுவிட்சா?

உலகம் முழுக்க விற்கும் பெடல்களில் சுவிட்ச் பெரும்பாலும் இரண்டு ஜாதி. வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே புரிந்துகொள்ளலாம். காலிங் பெல் பட்டனில் கை இருக்கும்வரைதான் இணைப்பு, எடுத்தால் விட்டுவிடும். லைட் சுவிட்ச், போட்ட நிலையிலேயே நிற்கும்.

பழைய பெடல்களும், இன்று சிறு பட்டறைகளில் செய்யப்படும் பெடல்களும் அதிகம் நம்புவது லைட் சுவிட்ச் ஜாதியை. பெட்டியின் மேல் குமிழ் போல் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகப் பட்டன். மிதித்தால் 'டக்' என்று சத்தம் வரும். 1962-ல் கிப்சன் நிறுவனம் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்திய பிறகுதான், காலால் மிதிக்கும் பெட்டி என்ற விஷயமே உலகுக்குப் பிடிபட்டது.

இப்போது பரவலாக இருப்பது 'த்ரீ பி.டி.டி' சுவிட்ச். அடியில் மூன்றுக்கு மூன்று என ஒன்பது கால்கள், பெரும்பாலும் நீல நிற பிளாஸ்டிக் உடம்பு. ஒரு வரிசை கிட்டாரிலிருந்து வரும் சத்தத்துக்கு, ஒரு வரிசை வெளியே போகும் சத்தத்துக்கு, மூன்றாவது எரியும் எல்.இ.டி விளக்குக்கு. உள்ளே மூன்று குட்டி உலோக ஏற்றப்பலகைகள் இருக்கும், பிள்ளைகள் பார்க்கில் ஆடும் அதே மாதிரி. பட்டனை அமுக்கும்போது அவை ஒரு பக்கம் சாயும், மறுபடி அமுக்கினால் மறுபக்கம் சாயும்.

இதில்தான் சிக்கல். மேடையில் மிதிக்கிற மொத்த வேகமும் பட்டன் வழியாக நேரே அந்தச் சின்னப் பலகைகளுக்கும், கீழே இருக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்ச் சேருகிறது. பிளாஸ்டிக்கைப் பிடித்திருப்பவை மடித்துவிட்ட மெல்லிய தகட்டு நாக்குகள். வாசிப்பவர் உணர்ச்சிவசப்பட்டு ஓங்கி மிதித்தால் நாக்கு நெகிழும், பலகை இடம் மாறும்.

இந்த வகைக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் சில பத்தாயிரம் அழுத்தங்கள். கேட்க அதிகமாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஒரு கச்சேரியில் 20 பாட்டு, பாட்டுக்கு 6 முறை மிதி என்றால் 120. வருடத்துக்கு 60 கச்சேரி என்றால் 7,200. வீட்டுப் பயிற்சியையும் சேர்த்தால் 10,000 தாண்டும். சித்திரை, வைகாசி, ஆடி என்று ஓயாமல் ஓடுகிற குழுவில் மூன்று, நான்கு வருடத்தில் சுவிட்ச் கிழடாகிவிடும்.

ஜப்பான்காரர்கள் செய்த தந்திரம்

1977-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் தன் 'பாஸ்' பிராண்டில் சின்ன பெடல்களை வெளியிட்டது. அவற்றில் குமிழ் பட்டனே கிடையாது. பெட்டியின் முன்பாதி முழுக்க ரப்பர் ஒட்டிய ஒரு தகடு, தையல் மெஷின் மிதி மாதிரி. அதன் அடியில் காலிங் பெல் ஜாதியைச் சேர்ந்த ஒரு குட்டி சுவிட்ச் ஒளிந்திருக்கும்.

அழகு எங்கே என்றால், தகடு ஓரளவு கீழே போனதும் பெட்டியின் உடம்பில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அந்த பாரத்தைத் தாங்குவது வார்ப்பு உலோகப் பெட்டி. குட்டி சுவிட்சுக்கு ஒரு லேசான தொடல்தான் கிடைக்கும். ஆன், ஆஃப் நிலையை ஞாபகம் வைத்திருப்பது மின்னணு சர்க்யூட்டின் வேலை. சத்தத்தின் பாதையை டிரான்சிஸ்டர்கள் மாற்றிவிடும். தேய்கிற பாகம் மிகக் குறைவு. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்னும் மேடைகளில் உழைக்க இது முக்கியக் காரணம்.

இப்போது வரும் பெடல்களில் மூன்றாவது வழியும் உண்டு. காலிங் பெல் ஜாதி சுவிட்சோடு ஒரு ரிலேயைச் சேர்த்துவிடுகிறார்கள். சத்தத்தை மாற்றுவது ரிலே, கால் கொடுப்பது வெறும் உத்தரவு. சிக்னல் ரிலேக்களின் ஆயுள் கோடிக்கணக்கான அசைவுகள் வரை போகும். 'டக்' சத்தமும் இல்லை. ஒரு குறை, கரண்ட் இல்லாமல் ரிலே வேலை செய்யாது. அதனால் கரண்ட் போனால் எஃபெக்ட் இல்லாமல் கிட்டார் சத்தம் மட்டும் நேராகப் போகிற மாதிரி வடிவமைப்பது நல்ல தயாரிப்பின் அடையாளம். வாங்கும்போது அடாப்டரைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செருப்பில்லாத கால்

இந்த சுவிட்சுகளை வடிவமைத்தவர்கள் மனதில் இருந்தது பூட்ஸ் கால். நம் ஊர் மேடை வேறு. கோயில் திடலில் போட்ட மேடை, வாத்தியம் இருக்கும் இடம். பலர் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். கெட்டியான ஸ்பிரிங் உள்ள குமிழ் பட்டனை வெறும் கால் பெருவிரலால் ராத்திரி முழுக்க அமுக்கிப் பார்த்தால்தான் வலி தெரியும். வலிக்கு பயந்து பாதி அமுக்கிவிட்டு விடுவதும் நடக்கும். பட்டன் பாதியில் நின்றால் பலகை எந்தப் பக்கமும் சாயாமல் தொங்கும், சத்தம் அறுந்துவிடும். பட்டன் மேல் மாட்டும் அகலமான பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கின்றன. வெறும் காலுக்கு அது பெரிய நிம்மதி.

அடுத்தது மண். திருவிழாக் கூட்டம் கிளப்பும் புழுதி பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். நீல சுவிட்சைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி மூடுவது சுலபமில்லை. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அடிப்பவர்களும் உண்டு. நாலு நாளைக்கு ஓடும், பிறகு அந்த எண்ணெயே புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெடல் 9 வோல்ட்டில் ஓடுவது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் கிட்டார் கம்பி, கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஜெனரேட்டர் லைனில் எர்த் சரியில்லாமல், ஆம்ப்ளிஃபயரிலும் கசிவு இருந்து, ஈரத் தரையில் வெறும் காலோடு நின்றால் கம்பியே ஷாக் அடிக்கும். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்பதும் இதனால்தான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் சொருகுவதை மைக்செட்காரரிடம் தயங்காமல் தடுக்க வேண்டும். காலடியில் ஒரு ரப்பர் மேட், லைனில் ஒரு ஆர்.சி.சி.பி. இரண்டும் இருந்தால் பெற்றவர்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆத்தூரிலேயே சரிசெய்யலாம்

சுவிட்ச் சாகப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு முறைக்கு இரண்டு முறை மிதிக்க வேண்டியிருக்கும். விளக்கு எரியும், சத்தம் வராது. பட்டனை லேசாக ஆட்டினால் கரகரக்கும். இதைப் பார்த்ததும் பெடலே போய்விட்டது என்று பல ஆயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கிவிடுகிறார்கள் சிலர். மாற்ற வேண்டியது சில நூறு ரூபாய்க்குள் முடிகிற ஒரு பாகம்.

டி.வி மெக்கானிக்கோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவரோ போதும். மல்டிமீட்டரில் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இணைப்பு பார்த்தால், ஒவ்வொரு மிதிக்கும் மேல், கீழ் என்று மாறிமாறிக் காட்ட வேண்டும். மூன்று வரிசையில் ஒன்று சண்டித்தனம் செய்தாலும் சுவிட்சை மாற்றிவிடலாம். கழற்றும் முன் ஒயர்களை செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. ஈயம் வைக்கும்போது சால்டரிங் அயர்னை ஒரு காலிலேயே ரொம்ப நேரம் வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, புது சுவிட்ச் மாட்டும் முன்பே கெட்டுவிடும். ஒரு கால் முடித்து, ஆறவிட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும்.

புதிதாக வாங்குபவர்கள் முடிந்தால் பின்மூடியைத் திறந்து பார்க்கலாம். சுவிட்ச் மெயின் போர்டிலேயே நேராக ஈயம் வைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு மிதியின் அதிர்ச்சியும் போர்டுக்கும் போகும், நாளடைவில் விரிசல் விடும். தனியே ஒயர் இழுத்தோ, குட்டி போர்டில் வைத்தோ இருந்தால் நல்லது.

வெளியே சுவிட்சைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்தால் முழு சுவிட்சும் சுழன்று உள்ளே ஒயர் அறுந்துவிடும். கச்சேரிக்கு வேன் ஏறும் முன் ஒரு ஸ்பானரால் அதைப் பார்த்துக்கொள்ள அரை நிமிடம் போதும். கூடவே, சட்டைப் பையில் ஒரு குட்டி பேட்ச் கேபிள். நடுவில் ஒரு பெடல் செத்தால் இரண்டு பிளக்கையும் உருவி, அதைத் தாண்டி முன்னதையும் பின்னதையும் அந்தக் கேபிளால் இணைத்துவிடலாம். பாடகர் அடுத்த பாட்டை அறிவித்து முடிப்பதற்குள் கிட்டார் மறுபடி பேசும்.