மருந்துக்கும் ஒரு பாஸ்புக்

வங்கி பாஸ்புக்கைக் கையில் வாங்கியதும் வாடிக்கையாளரின் கண் முதலில் தேடுவது கடைசி வரியைத்தான். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களில், வீட்டில் தெலுங்கு பேசுபவரானாலும் தமிழ் பேசுபவரானாலும் இதில் வேறுபாடு இல்லை. மேலே வரிசையாக உள்ள வரவும் பற்றும் நிகழ்ந்தவற்றின் பதிவு. அதனைத் தரவு என்கிறோம். இறுதியில் நிற்கும் இருப்பைக் கண்டு, உரத்தை இந்த வாரமே வாங்கலாமா, மாங்காய் விற்ற பணம் வரும்வரை பொறுக்கலாமா என்று ஒருவர் தீர்மானிக்கும்போது, அந்தத் தரவு தகவலாகிறது.

ஒரு நிறுவனம் முழுமைக்கும் இவ்வேலையைச் செய்யும் ஏற்பாட்டிற்கு மேலாண்மைத் தகவல் அமைப்பு என்று பெயர். கணினி அதன் கருவி மட்டுமே. முடிவெடுக்க வேண்டியவர் யார், அவர் எதை அறிந்தாக வேண்டும், எப்போது அறிந்தாக வேண்டும் என்பவற்றை வரையறுத்துக்கொள்வதே அதன் உயிர்நிலை. ராபர்ட் ஆன்டனி என்னும் அமெரிக்க அறிஞர் 1965ஆம் ஆண்டில், நிர்வாக முடிவுகளை அன்றாடச் செயல்களைக் கட்டுப்படுத்துதல், வளங்களை மேற்பார்வையிடுதல், நெடுநோக்குடன் திட்டமிடுதல் எனப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். பாடநூல்கள் இன்றும் அப்பிரிவைப் பின்பற்றுகின்றன. ஆயினும் பாடநூலைவிட, எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1995 முதல் நடந்துவரும் ஓர் ஏற்பாடு இதனைத் தெளிவாக விளக்கும். அங்கும் ஒரு பாஸ்புக் இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் அரசு நிறுவனமாகப் பதிவு பெற்றது. 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னர் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை வெவ்வேறு துறைகள் தனித்தனியே கொள்முதல் செய்துவந்தன. ஒரு மருத்துவமனையில் இல்லாத மருந்து மற்றொன்றின் அலமாரியில் காலாவதியாகக்கூடும். இரண்டையும் ஒருசேரக் காணக்கூடியவர் எவரும் இல்லை. வரிசையில் நின்ற நோயாளிக்குக் கிடைத்தது, வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளுமாறு எழுதப்பட்ட சீட்டு. பணப் பற்றாக்குறை ஒரு காரணம்தான். எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாமற்போனது அதற்குச் சற்றும் குறையாத காரணம்.

கழகம் கண்ட தீர்வு எளிமையானது. மாவட்டங்களில் மருந்துக் கிடங்குகள் நிறுவப்பட்டன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஒவ்வொன்றிற்கும் ஒரு பாஸ்புக் வழங்கப்பட்டது. அந்நிலையத்திற்கு உரிய ஒதுக்கீடு அதில் ரூபாய்க் கணக்கில் வரவு வைக்கப்படும். கிடங்கிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் விலையும் பற்று எழுதப்படும். இன்ன மருந்தில் இத்தனை மாத்திரை என்று மேலிடம் பங்கு பிரித்து அனுப்பும் முறைக்கு இங்கே இடமில்லை. எந்த மருந்து தேவை என்பதை அந்தந்த மருத்துவ அலுவலரே, அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் தெரிவு செய்கிறார். மருந்து நிதியில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு கழகத்தின் வழியாகவும், எஞ்சியது அவசரத் தேவைக்கான உள்ளூர்க் கொள்முதலுக்கும் செல்லும் வகையில் முறை வகுக்கப்பட்டது.

கிடங்கில் எழுதப்படும் அதே பற்று, சென்னைத் தலைமையகத்தில் வேறொரு பொருள் கொள்கிறது. எல்லாக் கிடங்குகளின் கையிருப்பும் அங்கே கணினியில் தொகுக்கப்படுவதால், குறிப்பிட்ட அளவிற்குக் கீழே சென்ற மருந்திற்கு ஆணை அனுப்பலாம். ஓரிடத்தில் தேங்கியதைத் தட்டுப்பாடுள்ள இடத்திற்கு மாற்றலாம். வந்து சேரும் மருந்தின் மாதிரிகள், தயாரித்தவர் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகங்களுக்குச் செல்கின்றன. தேறிய மருந்தே மருத்துவமனைக்குப் போகும். தரச் சான்று கிடைத்த பின்னரே வழங்குநருக்குப் பணம். ஒரே பதிவு கிடங்குப் பொறுப்பாளருக்கு இன்றைய இருப்பாகவும், கொள்முதல் அதிகாரிக்கு அடுத்த ஆணையாகவும், அரசுக்கு அடுத்த ஆண்டின் மதிப்பீடாகவும் பயன்படுகிறது. ஆன்டனி சொன்ன படிகள் இவைதாம். கேரளம் 2007ஆம் ஆண்டிலும் ராஜஸ்தான் 2011ஆம் ஆண்டிலும் இத்தகைய கழகங்களை நிறுவின.

அறிக்கைகள் பெருகப் பெருக நிர்வாகம் சிறக்கும் என்று கருதுவோரும் உண்டு. 1967ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல் அக்காஃப் இதனை மறுத்தார். மேலாளர்களை வாட்டுவது தகவல் பஞ்சம் என்பதைவிட, வேண்டாத தகவலின் வெள்ளமே என்பது அவர் வாதம். இன்றைய அலுவலகங்களில் காலையில் வந்து குவியும் அட்டவணைகளைக் கண்டவர்கள் அவரோடு உடன்படுவர்.

வேறொரு குறைபாடும் உண்டு; இது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. எந்தப் பேரேடும் நடந்ததைக் காட்டுமே அன்றி, நடக்காமற்போனதைக் காட்டாது. எடுத்துச் சென்ற மருந்து பதிவாகிறது. மருந்தின்றித் திரும்பிய நோயாளி எங்கும் பதிவாவதில்லை. சென்ற ஆண்டுச் செலவை மட்டுமே வைத்து அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கினால், பற்றாக்குறையே தேவையின் அளவாக நிலைபெற்றுவிடும். எனவே நல்ல அமைப்பு ‘கேட்டும் கொடுக்கப்படாதவை’ என்றொரு பத்தியையும் தன் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும்.

இனி வங்கிக்கு வருவோம். கடன் தவணை செலுத்தும் நாள் தவறினால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி அக்கணக்கு முதல் 30 நாட்கள், அடுத்த 30 நாட்கள், அதற்கடுத்த 30 நாட்கள் எனச் சிறப்புக் கவனிப்பின் படிகளில் இறங்குகிறது. 90 நாட்களைக் கடந்தால் வாராக் கடனாகிறது. நாள் முடிவில் கணினியே இவ்வகைப்பாட்டைச் செய்துவிடுவதால்தான், ஒரு தவணை தவறிய சில நாட்களிலேயே கிளையிலிருந்து அழைப்பு வருகிறது. அந்நிலையில் பேசித் தீர்வு காண்பது எளிது.

பயிர்க் கடனுக்கு மட்டும் கணக்கு வேறு. நிலக்கடலை போன்ற குறுகிய காலப் பயிராயின் இரண்டு பருவங்கள், நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவம் நிலுவையில் இருந்தால்தான் அது வாராக் கடன் ஆகும். எது எப்பயிர் என்பதைக் கணினி தானே அறியாது. கடன் வழங்கும் நாளில் கிளையில் பதியப்பட்டதையே அது நம்புகிறது. நிலக்கடலைக்கு வாங்கிய கடன் தவறுதலாக வேறு வகைக் கடனாகப் பதியப்பட்டிருந்தால், அறுவடை வருமுன்பே 90 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஆகவே ஒப்புதல் கடிதத்தைப் பெறும்போது, பயிரின் பெயரும் தவணை நாளும் சரியாக உள்ளனவா என்று வாடிக்கையாளர் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிழையிருப்பின் அன்றே எழுத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ளலாம்.