வாரம் ஒரு கூடை

"தக்காளி கிலோ என்ன விலை?"

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு உண்டா?

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் நினைவிருக்கிறதா? அப்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே கடைக்காரர்கள் தயங்கினார்கள். கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது! சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. ஒரு கிலோ வாங்கியவர்கள் கால் கிலோ வாங்கினார்கள். ரசத்துக்குப் புளியே போதும் என்று முடிவு செய்த வீடுகளில் என் வீடும் ஒன்று.

அதே தக்காளிக்கு இன்னொரு காலமும் உண்டு.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் என்ற ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அங்கே நடக்கிறது. கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகளில் பல அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வரத்து அதிகமாகி விலை சரிந்த நாட்களில் அந்தப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். பழுத்த தக்காளி செடியிலேயே கிடக்கும். பறித்தால் பறிப்புக் கூலி. பெட்டியில் அடுக்கினால் ஏற்றுக் கூலி. வண்டியில் வைத்தால் வாடகை. சந்தையில் இறக்கினால் கமிஷன். இத்தனையும் போக மிச்சம் ஒன்றும் இல்லை. "எதற்குப் பறிக்க வேண்டும்?" என்று விட்டுவிடுகிறார்கள். கொண்டுபோன தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பியவர்களும் உண்டு.

ஒரு மாதம் வாங்குகிறவர் கண்ணீர் விடுகிறார். இன்னொரு மாதம் விளைவித்தவர் கண்ணீர் விடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை!

உழவர் சந்தை செய்தது என்ன?

இந்தக் குறையைத் தீர்க்க முயற்சி நடக்காமல் இல்லை. 1987-ல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' வந்தது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு திண்டுக்கல் உள்பட பல ஊர்களுக்குப் பரவியது. தரகர் இல்லாமல் குடியானவரே விற்கலாம். மொத்த விலையைவிட அவருக்குக் கொஞ்சம் கூடுதல். கடை விலையைவிட நமக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உழவர் சந்தைக்குக் காய் கொண்டுவந்தால்தான் காசு. பூச்சி அரித்துப் போனால்? மழையில் அழுகிப் போனால்? அந்த நஷ்டம் முழுவதும் ஒரே குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

விதை போடும்போதே பணம் கொடுத்துவிட்டால் என்ன? சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோட்டத்தோடு பேசிக்கொள்ள வேண்டியது. பருவத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்ட வேண்டியது. பிறகு வாரா வாரம் தோட்டத்தில் விளைந்ததில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். நன்றாக விளைந்தால் கூடை நிறைய வரும். விளையாவிட்டால் கூடை குறையும். லாபமும் பங்கு, நஷ்டமும் பங்கு.

இப்படி எங்காவது நடக்கிறதா? நடக்கிறது!

ஜப்பான் தாய்மார்கள்

முதலில் தொடங்கியவர்கள் ஜப்பானியர். அந்த நாட்டுத் தாய்மார்களுக்கு ஒரு பயம் வந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாலிலும் காய்கறியிலும் பூச்சிமருந்து கலந்திருக்கிறதே என்ற பயம். அவர்கள் நேராக விவசாயிகளிடம் போய்ப் பேசினார்கள். "மருந்து அடிக்காமல் விளைவித்துக் கொடுங்கள். விளைந்ததை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்பதுதான் பேச்சின் சாரம். 1971-ல் இச்சிராக்கு தெருவோ என்பவர் முயற்சியால் இயற்கை விவசாயத்துக்கு ஒரு சங்கமே ஏற்பட்டது. இந்த உறவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தெய்க்கெய்'. கைகோத்தல் என்று சொல்லலாம்.

1978-ல் அந்தச் சங்கம் பத்து விதிகளை வகுத்தது. அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தோட்டத்திலிருந்து வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும்! "இது வேண்டாம், அது கொடு" என்று பொறுக்கக் கூடாது. சமையலைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இது நடக்குமா? அதைப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்காவுக்கு இந்த வழக்கம் 1980-களில் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'இந்தியன் லைன்' என்ற பண்ணையை நடத்திய ராபின் வான் என் என்ற பெண்மணியும் நண்பர்களும் முதலில் ஆப்பிளைப் பங்கு போட்டார்கள். 1986-ல் காய்கறிக்கு வந்தார்கள். அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டெம்பிள்-வில்டன் என்ற பண்ணையும் தொடங்கியது. பிறகு பல நூறு பண்ணைகள் இந்த வழியில் இறங்கின.

வெளிநாட்டுச் சரக்கா?

வாரம் என்றால் ஏழு நாள். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் குடியானவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வாரம் என்றால் பங்கு என்பார்கள். நிலத்துக்காரர் பங்கு மேல்வாரம். உழுதவர் பங்கு குடிவாரம். களத்துமேட்டில் நெல் தூற்றி முடிந்ததும் தச்சருக்கும் கொல்லருக்கும் குயவருக்கும் வண்ணாருக்கும் அளந்து கொடுத்த வழக்கம் நம்முடையதுதான். விளைந்தால் கூட, விளையாவிட்டால் குறைய.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். களத்தில் கடைசியாக நின்றவருக்குக் கையளவுதான் கிடைத்தது. கேள்வி கேட்கவும் முடியாது. புதிய பங்கில் யாரும் யாருக்கும் கீழே நிற்கவில்லை. மனம் இல்லாவிட்டால் அடுத்த பருவம் விலகிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்தில், ஆரோவில் இருக்கிறது. அங்கே 'சாலிட்யூட்' என்ற பண்ணையை 1996-ல் தொடங்கியவர் கிருஷ்ணா மெக்கன்சி. பிறப்பால் ஆங்கிலேயர். பேசுவதோ சரளமான தமிழ்! சுமார் ஆறு ஏக்கர் நிலம். உறுப்பினர்களுக்கு அந்தப் பண்ணை வாரக் கூடை கொடுத்து வந்திருக்கிறது. கூடையில் காரட்டும் காலிபிளவரும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வாழைத்தண்டு, பப்பாளிக்காய், வேலியோரத்துக் கீரைகள். நம் பாட்டிமார்கள் சமைத்ததும் நாம் மறந்ததும்தான். "இதை எப்படிச் சமைப்பது?" என்று கேட்கிறவர்களுக்கு அவரே சமையலும் சொல்லித் தருகிறார். வாழைத்தண்டு நறுக்க நமக்கு ஓர் ஆங்கிலேயர் சொல்லித் தர வேண்டியிருக்கிறது!

கீரனூரில் ஒரு பருவம்

ஒட்டன்சத்திரத்துப் பக்கமே திரும்பி வருவோம். பழனி வட்டத்தில் கீரனூர் என்ற பேரூராட்சி இருக்கிறது. (புதுக்கோட்டைச் சீமையிலும் ஒரு கீரனூர் உண்டு. அது வேறு.) கிணற்றையும் ஆழ்குழாயையும் நம்பி விவசாயம் செய்யும் சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. இங்கே ஒரு தோட்டமும் நாற்பது குடும்பங்களும் பேசி முடித்ததாக வைத்துக்கொள்வோம். கூடை எப்படி இருக்கும்?

ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். அதிலேயே கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி விதைக்கிறார்கள். ஆவணி பாதியில் முதல் கூடை வரும். அதில் என்ன இருக்கும்? தண்டுக்கீரை, முளைக்கீரை. அவ்வளவுதான்! இருபத்தைந்து நாளில் வேறென்ன வரும்? பணம் கட்டியவர் முகம் கொஞ்சம் சுருங்கும்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் வெண்டையும் முள்ளங்கியும் வந்துவிடும். விதைத்து 45 நாள் ஆனால் வெண்டை காய்க்கும். காய்க்கத் தொடங்கினால் விடாது. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். ஆகவே கூடை நிறைய வெண்டை. பிறகு கொத்தவரை, கத்தரி, சுரை, புடலை.

இங்கேதான் வீட்டுச் சோதனை! மூன்றாம் வாரமும் சுரைக்காய் வந்தால் என்ன செய்வது? கூட்டு வைக்கலாம். பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம். தோலைத் துவையல் அரைக்கலாம். அடைமாவில் துருவிப் போடலாம். அதற்கு மேலும் மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கொத்தவரையும் கத்தரியும் மிஞ்சினால் வற்றல் போட வேண்டும். அதையும் புரட்டாசி வெயிலிலேயே போட்டுவிட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் வெயிலை நம்ப முடியாது. மொட்டை மாடியில் காய்ந்த கத்தரி வற்றல் கார்த்திகைக் குழம்புக்கு உதவும்.

கார்த்திகையில் ஏன் வற்றல்? அப்போதுதான் கூடை மெலியும். விடாத மழையில் தக்காளி வெடிக்கும். முருங்கைப் பூ உதிரும். கடையில் முருங்கைக்காய்க்குத் தங்க விலை சொல்வார்கள். அந்த வாரம் கூடையில் கொஞ்சம் கீரை, நாலு கத்தரிக்காய், ஒரு பூசணிக் கீற்று இருந்தால் பெரிது. மார்கழியில் அவரையும் மொச்சையும் பிடிக்கும். பொங்கல் கூடை பூசணியும் அவரையும் மொச்சையுமாக நிரம்பி வரும். அதோடு பருவம் முடிந்தது. மொத்தம் இருபது வாரம்.

கொஞ்சம் கணக்கு

கூட்டிப் பாருங்கள். ஒரு கூடைக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது வாரத்துக்கு ஒரு குடும்பம் கொடுப்பது 6,000 ரூபாய். நாற்பது குடும்பத்துக்கு 2,40,000 ரூபாய். அதில் பாதியை முன்பணமாகக் கொடுத்தால் ஆடியிலேயே குடியானவர் கையில் 1,20,000 ரூபாய் இருக்கும்.

அந்தப் பணத்தை அவர் வெளியே கடன் வாங்கினால்? நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 2,400 ரூபாய். ஐந்து மாதத்துக்கு 12,000 ரூபாய். ஒரு வாரம் முழுவதும் நாற்பது கூடைக்கு உழைத்த காசு வட்டிக்கே போய்விடும்!

மழையில் 20,000 ரூபாய் மதிப்புள்ள தக்காளி அழுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் தாங்கினால் அது பெரிய அடி. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளம் நிற்கும். நாற்பது குடும்பம் தாங்கினால் ஆளுக்கு 500 ரூபாய். இருபது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 25 ரூபாய். இரண்டு டீக்காசு!

நாணயம் யாருக்கு?

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. மனிதர்கள் கணக்கைப் போல இருப்பார்களா?

2023 ஜூலை மாதிரி ஒரு மாதம் வரட்டும். சந்தையில் தக்காளி நூறு ரூபாய். முன்பணம் வாங்கிய தோட்டத்தில் தக்காளி சிவந்து நிற்கிறது. வியாபாரி வண்டியோடு வாசலில் நிற்கிறார். நல்லதை அவருக்குக் கொடுத்துவிட்டு, அடிபட்டதைக் கூடையில் போட்டால் யாருக்குத் தெரியும்?

இன்னொரு மாதம், சந்தையில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கொட்டிக் கிடக்கிறது. "முன்பணம் கட்டி ஏமாந்தோமே" என்று வீட்டில் பேச்சு எழும். அடுத்த தவணையைக் கட்டாமல் நழுவினால் யார் கேட்பது?

இரண்டு பக்கமும் ஆசை இழுக்கும். சட்டமோ போலீசோ இதற்கு உதவாது. ஆகவேதான் இப்படி நடக்கும் இடங்களில் உறுப்பினர்கள் தோட்டத்துக்குப் போய்வருகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போகிறார்கள். செடியில் எத்தனை காய் இருக்கிறது என்று பார்த்தவரிடம் பொய் சொல்வது கடினம். மழையில் நின்று கால்வாய் வெட்டிய ஆளைப் பார்த்தவருக்குத் தவணையை நிறுத்தக் கை வராது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அன்றாடம் கூலி வாங்கும் குடும்பத்துக்கு 3,000 ரூபாய் முன்பணம் ஏது? இந்தக் கூடை சம்பளக்காரர் வீட்டுக்கு மட்டும்தானா? நான் கேட்டவரை இதற்கு நல்ல பதில் சொன்னது டெம்பிள்-வில்டன் பண்ணைதான். அங்கே பங்குக்கு ஒரே விலை கிடையாது. ஆண்டுச் செலவு இவ்வளவு என்று பண்ணைக்காரர் கூட்டத்தில் கணக்கு வைப்பார். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். கூட்டிப் பார்ப்பார்கள். குறைந்தால் இன்னொரு சுற்று. வசதி உள்ளவர் கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். எடுத்துக்கொள்ளும் காய்கறி மட்டும் அவரவர் தேவைக்கு. வேறு சில பண்ணைகளில் பணத்துக்குப் பதில் வாரத்தில் சில மணி நேரம் களையெடுத்துக் கொடுத்தும் கூடை வாங்கலாம்.

எல்லாம் என்றும் செழிப்பாக இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் காய்கறியை இறக்கி, பிரித்து, வீடு வீடாகச் சேர்த்தவர்கள் பெண்கள்தான். சம்பளம் இல்லாத வேலை. அவர்கள் ஆபீசுக்கும் தொழிற்சாலைக்கும் போகத் தொடங்கியதும் பல குழுக்கள் சுருங்கிவிட்டன. கூடை சுமக்கிற வேலையை ஆண்களும் ஏற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கீரனூர்ப் பக்கத்தில் யாராவது நாலு குடும்பம் சேர்ந்து முயல நினைத்தால் நாற்பதுக்குக் காத்திருக்க வேண்டாம். பத்துப் போதும். பத்துக் கூடைக்கு வேண்டிய நிலமும் கொஞ்சம்தான். எந்தக் காய் எவ்வளவு வேண்டும், கூடையை யார் வீட்டு வாசலில் பிரிப்பது, எந்தக் கிழமை, ஊருக்குப் போன வாரத்துக் கூடை யாருக்கு என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பேச்சை ஆனியிலேயே முடித்துவிட வேண்டும். தக்காளி நாற்றும் கத்தரி நாற்றும் பிடுங்கி நட இருபத்தைந்து நாளாவது ஆகும். ஆடிக் காற்று யாருக்கும் காத்திருக்காது.