தாயமும் தாலாட்டும்



உழைத்துக் களைத்த மனம் மாலையில் ஓர் ஆட்டத்தை நாடுவது மனித இயல்பு. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வாழும் தமிழர்களுக்கு இதனை எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பின்னி ஆலை, மினர்வா ஆலை, ராஜா ஆலை ஆகியவற்றின் சங்கொலிக்கு எழுந்து, சங்கொலிக்கு வீடு திரும்பிய தலைமுறையினர் அப்பகுதியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறினர். ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. 2014-ஆம் ஆண்டில் அப்பெயர் தாங்கிய மெட்ரோ ரயில் நிலையமும் வந்துவிட்டது. ஆயினும் இராப்பொழுதில் கேரம் பலகையைச் சுற்றி நால்வர் கூடும் வழக்கம் மறைந்துவிடவில்லை. ஜெர்மனியில் 1995-இல் வெளிவந்த கட்டான் போன்ற புதிய பலகை ஆட்டங்களை விரும்பும் இளைஞரும் இன்று பெருகியிருக்கின்றனர். சதுரங்கமோ தாயமோ கேரமோ, எதுவாயினும் ஒன்று பொது: ஆட்டத்தில் அமர்ந்தவருக்குக் கடிகாரம் தெரிவதில்லை.

இத்தகைய ஒருவரின் இல்லத்தில் முதல் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தின் கதி என்ன? 'குழந்தை வந்தபின் ஆட்டம் என்ன வேண்டியிருக்கிறது?' என்பார் சிலர். 'பிள்ளை வளர்ப்பது பெண்களின் வேலை. நான் வழக்கம்போல் போய் வருகிறேன்' என்பார் வேறு சிலர். இவ்விரு விடைகளுக்கும் நடுவே நியாயமான பாதை ஒன்று உண்டு. அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நம் பழைய ஏற்பாட்டை நினைவுகூர்வோம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். அங்கே அவளுக்குத் தாய் உண்டு, பாட்டி உண்டு, அண்டை வீட்டு அத்தை உண்டு. பிள்ளையை ஒருவர் மாற்றி ஒருவர் ஏந்திக்கொள்வர். மதிய வேளையில் கூடத்தில் பல்லாங்குழியும் தாயக்கட்டமும் விரிக்கப்படும். பிள்ளை பெற்றவளும் அதில் ஒரு கை ஆடுவாள். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதைப் பெரியவர்கள் சொல்லாமலே அறிந்திருந்தனர்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவள் குழந்தையுடன் ஸ்ரீராம்புரம் திரும்புகிறாள். மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட சிறு வீடு. ஊரில் பல கைகள் பகிர்ந்த வேலை, இங்கே அவளுடைய இரண்டு கைகளில் வந்து விழுகிறது. அடுத்த வீட்டாரின் மொழி இன்னும் நாவில் படியவில்லை. இந்நிலையில் கணவன் ஏழு மணிக்குக் கேரம் ஆடப் புறப்பட்டுப் பத்து மணிக்குத் திரும்பினால், அந்த மூன்று மணி நேரம் அவளுக்கு எவ்வளவு நீண்டதாக இருக்கும்! வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இக்கேள்வி கூர்மையாவது இதனால்தான். சொந்த ஊரில் ஆட்டக்காரனின் இன்மையைக் குடும்பம் நிரப்பிவிடும்; இங்கே அதனை நிரப்ப ஆள் இல்லை.

குழந்தையின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதையும் அறியவேண்டும். பிறந்த சிசு ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்கும். ஆனால் அவ்வுறக்கம் இரண்டு மணி, மூன்று மணி எனத் துண்டு துண்டாகவே அமையும். இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் அருந்தும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே உணவு. ஆகையால் தாயின் உறக்கமும் துண்டுபட்டே நிற்கும். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர, குழந்தையைச் சேர்ந்த மற்ற வேலைகள் எல்லாம் தகப்பனாலும் செய்யத்தக்கவை. துணி மாற்றலாம்; தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யலாம்; குளிப்பாட்டலாம்; தூங்க வைக்கலாம். மைய அரசு தன் ஆண் ஊழியருக்கு 15 நாள் தந்தையர் விடுப்பு அளிப்பதும் இக்கருத்தை ஒட்டியதே.

தாயின் மனநிலையும் கவனிப்புக்கு உரியது. பிரசவமான முதல் சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் நேர்வது. அச்சோர்வு இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால், அதனைப் பிடிவாதம் என்றோ சோம்பல் என்றோ எண்ணலாகாது. அது மருத்துவரிடம் காட்டவேண்டிய நோய், சிகிச்சையால் குணமாவது. மாலை முழுவதும் வெளியே இருப்பவன் கண்ணுக்கு இந்நோய் எளிதில் புலப்படாது.

அப்படியாயின் ஆட்டத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தனக்கென ஒரு மகிழ்ச்சியும் இல்லாதவன் நாளடைவில் எரிச்சல் மிக்கவனாகிறான். அந்த எரிச்சலும் வீட்டில்தான் வந்து விழுகிறது. செய்யவேண்டுவது ஒரு கணக்கு. வாரத்தில் ஆறு நாள் ஆடியவர் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளட்டும். அந்த நாளையும் நேரத்தையும் மனைவியோடு கலந்து முன்கூட்டியே குறிக்கட்டும். தமக்கு மூன்று மணி எடுத்துக்கொண்டால், வேறொரு நாளில் அவளுக்கும் மூன்று மணி தனித்து விடட்டும். அவள் உறங்கலாம், தோழியைக் காணலாம், மல்லேசுவரம் கடைத்தெருவுக்குப் போகலாம். அது அவள் விருப்பம். ஓய்வு என்பது சம்பாதிப்பவருக்கு மட்டும் உரிய சொத்து என்ற எண்ணம் நீங்கினால், இக்கணக்கில் பிழை நேராது.

அடுத்து, ஆட்டத்தின் தன்மையை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தை அழும்போது பாதியில் எழத்தக்க ஆட்டமே இக்காலத்துக்கு ஏற்றது. கேரம் அவ்வாறு அன்று. பலகையைத் தூக்கினால் காய்களின் இடம் கலைந்துவிடும். பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை முத்து உள்ளது, சேர்த்துவைத்தவை எத்தனை, அடுத்து ஆடுபவர் யார் எனக் குறித்துவைத்தால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. அவற்றின் நிலையைச் சிறு படமாக வரைந்துகொள்ளலாம். சதுரங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆட்டத்தை ஒத்திவைக்கும்போது அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் ஒப்படைக்கும் வழக்கம், பெரும் போட்டிகளிலேயே நெடுங்காலம் இருந்தது. உலகப் பட்டத்துக்கான ஆட்டமே மறுநாளைக்குக் காத்திருந்ததென்றால், நம் ஆட்டம் ஒரு தொட்டிலுக்காகக் காத்திருப்பதில் குறைவு என்ன?

வீட்டிலேயே ஆடுவோர் ஓர் எச்சரிக்கையை மறவாதிருக்க வேண்டும். ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல் குழந்தை கையில் அகப்பட்டதையெல்லாம் வாயிலிட்டுப் பார்க்கும். சோழி, புளியங்கொட்டை, பகடை, கேரம் காய் ஆகிய யாவும் தொண்டையை அடைக்கக்கூடியவை. பல்லாங்குழிக்குச் சில வீடுகளில் குன்றிமணியைப் பயன்படுத்துவர். அதன் பருப்பில் கொடிய நஞ்சு உள்ளது. கேரம் பலகையில் தூவும் மாவு பெரும்பாலும் போரிக் அமிலத்தூளாக இருக்கும். அதுவும் குழந்தையின் வயிற்றில் சேர்ந்தால் நஞ்சே. ஆகவே ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி மூடியிட்ட டப்பியில் வைத்து, உயரத்தில் பூட்டிவிட வேண்டும். கேரத்தில் வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. பத்தொன்பதும் இருக்கின்றனவா என்று பார்த்தபின்னரே படுக்கைக்குச் செல்வது நலம். மாவைத் துடைத்த துணியையும் குழந்தை தவழும் தரையில் போடலாகாது.

ஆட்டமும் பிள்ளைப்பேறும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவோருக்குச் சதுரங்க உலகமே விடை கூறுகிறது. மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த் 2011-இல் தந்தையானார். மறு ஆண்டு மே மாதத்தில் மாஸ்கோவில் கெல்ஃபாண்டை எதிர்த்தாடி உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். கோனேரு ஹம்பி 2017-இல் தாயானார். 2019 டிசம்பரில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். 2024-இல் அதனை மீண்டும் வென்றார். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக அமர்ந்து ஆடினார். இந்திய மகளிர் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. இவர்கள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள். நாம் பொழுதுபோக்குக்காக ஆடுபவர்கள். எனினும் இடைவெளி விட்டுத் திரும்பினாலும் திறமை காத்திருக்கும் என்பதை ஹம்பியின் வாழ்க்கை காட்டுகிறது.

குழந்தைப் பருவம் விரைந்து கழிவது. பிறந்த சிசுவின் கண்ணுக்கு ஓர் அடித் தொலைவே தெளிவாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமான கட்டங்களை அது ஆவலோடு நோக்கும். ஐந்தாறு வயதில் அதே குழந்தை தாயக்கட்டையை உருட்டித் தகப்பனை வெட்டும். வேற்று மொழி வழங்கும் ஊரில் வளரும் அப்பிள்ளை தாயம், மலை, பழம், வெட்டு என்னும் சொற்களைப் பாடப்புத்தகத்தில் கற்கப்போவதில்லை. ஆட்டத்தின் நடுவேதான் கற்கும். இன்று சில மாலைகளை விட்டுக்கொடுக்கும் தகப்பனுக்கு, நாளை தன் வீட்டிலேயே ஒரு கூட்டாளி கிடைப்பான். அதுவரை வாரம் ஒரு நாள் ஆட்டம் போதும். மற்ற மாலைகளில் தொட்டிற்கயிறு அவர் கையில் இருக்கட்டும்.