உடும்புக்கு இரண்டு டன் மண்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, இது நின்றபடியே சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஹூஸ்டனில் உங்கள் பையன் சவன்னா உடும்பு கேட்கிறான், கடையில் குட்டி மலிவாகக் கிடைக்கிறது, அதற்கு ஒரு பெட்டி செய்ய என்ன ஆகும் என்று கேட்டீர்கள். குட்டி மலிவுதான். கானா, டோகோ, பெனின் நாடுகளில் சினைப்பட்ட பெட்டைகளைப் பிடித்து, அவை இடும் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குட்டிகளை மொத்தமாக விமானம் ஏற்றி அனுப்புகிறார்கள். விலை குறைவதற்கு அதுதான் காரணம். அந்தக் குட்டி இரண்டு மூன்று வருடத்தில் மூன்றடி, சிலது நான்கடி வளர்ந்துவிடும். கடைக்காரர் கூடவே தலையில் கட்டுகிற கண்ணாடித் தொட்டியில் அப்போது அது திரும்பிப் படுக்கக்கூட இடம் இருக்காது.

ஊரில் அண்ணன் மகனும் ஆசைப்படுகிறான் என்றீர்களே, அவனுக்கு ஒரே வார்த்தை: கூடாது. இந்தியாவில் வாழும் நான்கு வகை உடும்புகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருந்து மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தோட்டத்துக்கு வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு வழிவிடச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் மாநிலத்திலும் நகரத்திலும் என்ன விதி என்று விசாரித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

பெட்டி என்றதும் எல்லோரும் கண்ணாடி, விளக்கு, அலங்காரக் கல் என்று ஆரம்பிக்கிறார்கள். நான் மண்ணிலிருந்து ஆரம்பிப்பேன். டேனியல் பென்னட் என்ற உயிரியலாளர் கானாவில் இந்த உடும்புகளின் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தவர். சுவர்க்கோழி இனத்துப் பெரிய பூச்சிகள் தோண்டிய வளைகளில் குட்டிகள் குடியிருப்பதை அவர் கண்டார். மேலே புல் வெயிலில் காய்ந்து கிடக்கும், வளைக்குள்ளே ஈரம் இருக்கும். காய்ந்த நாட்டுப் பிராணிதானே என்று மரத்தூளையோ வெறும் மணலையோ இரண்டு அங்குலம் பரப்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது அந்த வளையைத்தான்.

ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், உடும்பு விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் நீர் போகிறது. வறண்ட பெட்டியில் அது மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வற்றிக்கொண்டே வரும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. உடும்பு தன் கழிவை யூரிக் அமிலமாக, வெள்ளைக் கட்டியாக வெளியேற்றுகிற பிராணி. உடம்பில் நீர் குறைந்தால் அந்த அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டிலும் படிந்துவிடும். நம் ஆட்களுக்கு வருகிற கௌட் நோயேதான். வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஆகவே இரண்டடி ஆழத்துக்கு மண் வேண்டும். உரம், பூச்சிமருந்து எதுவும் கலக்காத தோட்ட மண்ணில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மணலைக் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். ஒரு கை அள்ளிக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்திப் பாருங்கள். விரலைத் திறந்ததும் உதிர்ந்தால் ஈரம் போதாது, விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் அதிகம். விரல் ரேகை பதிந்தபடி அப்படியே நின்றால் சரி. பிறகு நிரப்பிய மண்ணில் முழங்கை வரை போகிற மாதிரி சாய்வாக ஒரு குழி தோண்டி, மறுநாள் பாருங்கள். கூரை சரியாமல் இருந்தால்தான் உடும்பு தோண்டும் வளையும் நிற்கும். சரிந்திருந்தால் மணலைக் குறையுங்கள்.

வளர்ந்த உடும்புக்கு எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் குறைந்தபட்சம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். நான்கடி உயரத்தில் பாதி மண்ணுக்கே போய்விடும். அந்த மண் 64 கன அடி. ஈர மண்ணாயிற்றே, எடை இரண்டு டன்னைத் தாண்டும். மாடி அறையை இப்போதே மறந்துவிடுங்கள். கராஜும் வேண்டாம், ஹூஸ்டன் கோடையில் அது வெந்துபோகும், உடும்புக்கு ஒதுங்கக் குளிர்ந்த மூலையே மிஞ்சாது. கீழே, கான்கிரீட் தளத்தின் மேல், ஏசி போகிற அறைதான் சரி. இவ்வளவு மண் பக்கவாட்டில் தள்ளும். வெறும் பிளைவுட் வயிறு தள்ளிக்கொள்ளும், வெளிப்பக்கம் கட்டைச் சட்டம் அடித்துத் தாங்க வேண்டும். உள்பக்கம் குளத்துக்கு விரிக்கிற ரப்பர் ஷீட்டைப் போர்த்துங்கள், இல்லாவிட்டால் மரம் உளுத்துவிடும். கதவு மண்மட்டத்துக்கு மேலிருந்து தொடங்கட்டும். கனமான கல் வைப்பதானால் பெட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றிவிட்டு மண்ணைக் கொட்டுங்கள். மண் மேல் வைத்த கல்லுக்கு அடியில் உடும்பு தோண்டும், கல் அதன் மேலேயே இறங்கிவிடும்.

மூடி வலையாக இருக்கவே கூடாது. விளக்குச் சூட்டில் காற்று மேலெழுந்து வலை வழியே போய்விடும், அந்த இடத்துக்கு ஏசி அறையின் காய்ந்த காற்று உள்ளே வரும், உங்கள் இரண்டு டன் மண்ணின் ஈரமும் சீக்கிரம் காலி. நாலாபக்கமும் மேற்புறமும் மூடிவிட்டு, சின்னதாக இரண்டு காற்றுத் துளை விட்டால் போதும்.

அடுத்தது சூடு. வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்றால் யாரும் திகைப்பார்கள். ஆப்பிரிக்க வெட்டவெளித் தரை உச்சிவெயிலில் அப்படித்தான் கொதிக்கும். உடும்பு அதில் வெந்துகொண்டு கிடக்காது. சட்டென்று உடம்பை 35, 38 டிகிரிக்கு ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடும். தப்பு நடப்பது விளக்கின் அகலத்தில். ஒற்றை ஸ்பாட் விளக்கைத் தொங்கவிட்டால் முதுகில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் சுடும், தலையும் வாலும் ஆறியே கிடக்கும். உடம்பு முழுக்கச் சூடாகவில்லையே என்று அது அங்கேயே காத்திருக்கும், முதுகுத் தோல் தீய்ந்துபோகும். ஆகவே 50 வாட் ஹாலஜன் ஃப்ளட் விளக்குகள் நான்கை வரிசையாக, மூக்கிலிருந்து வாலின் தொடக்கம் வரை படும்படி மாட்டுங்கள். நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தாலும் மாதம் 72 யூனிட்தான். விளக்குகளுக்குக் கம்பிக்கூண்டு போட மறக்காதீர்கள். எதிர்முனை 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

விளக்குக்குக் கீழே என்ன வைப்பது? அமெரிக்காவில் உடும்பு வளர்ப்பவர்களிடையே ஃபிராங்க் ரெட்டஸ் பேரால் வழங்குகிற ஓர் அடுக்கு உண்டு. ஏழெட்டுப் பலகைகளை, இடையில் உடும்பு நுழையுமளவு சந்து விட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், அவ்வளவுதான். மேல்தட்டு கொதிக்கும், கீழே போகப் போகச் சூடு தணியும். தனக்கு வேண்டிய சூட்டை உடும்பே தட்டு பார்த்துத் தேர்ந்துகொள்ளும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பாறைகளைவிட இந்தப் பலகைகள் மேல்.

அளக்க, முகப்பில் ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர் உதவாது, அது சுவரின் சூட்டைக் காட்டும். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரித் துப்பாக்கி வேண்டும். ஆனால் அதே கருவி உடம்புச் சூட்டைத் தாண்டி அளக்காது, பட்டறைக்கென விற்பதை வாங்குங்கள். கூடவே ஒரு யூவிபி குழல் விளக்கு, முழு உடும்பும் முங்குகிற அளவு தண்ணீர்த் தொட்டி. தொட்டியிலேயே அது வெளிக்குப் போகும், தினம் கழுவ வேண்டியது உங்கள் பாடு. பையன் கழுவுவான் என்று கணக்குப் போடாதீர்கள்.

தீனி விஷயம் பெரிது, இன்னொரு நாள் பேசலாம். இப்போதைக்கு எலி வேண்டாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் இது பூச்சி, மரவட்டை, நத்தை தின்கிற பிராணி. எலியிலேயே வளர்ந்தால் கொழுத்துப்போய் வயிறு தரையில் தேயும்.

மண்ணைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பெண்ணாக இருந்தால் துணையே இல்லாமலும் முட்டை உருவாகலாம். தோண்ட ஆழமாக, வெதுவெதுப்பாக இடம் கிடைக்காவிட்டால் முட்டையை இடாமல் அடக்கிக்கொண்டே செத்துப்போகலாம். அதனால் குறைக்க முடியாது.

இவ்வளவுக்கு வீட்டில் இடமில்லை என்றால், ஆக்கி உடும்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாறைக்காட்டுப் பிராணி, வால் முழுக்க முள், நீளம் இரண்டடி சொச்சம். அந்த நாடு தன் ஊர்வனவற்றை உயிரோடு விற்பனைக்கு வெளியே அனுப்புவதில்லை, ஆகவே உங்கள் ஊரில் கிடைப்பது வளர்ப்பிலேயே பிறந்த குட்டி. விலை சவன்னாவைவிடப் பல மடங்கு. ஆனால் நான்கடிக்கு இரண்டடிப் பெட்டியில், ஓரடி மண்ணில் அதைத் தொடங்கலாம். எட்டு கன அடி மண், சவன்னாவுக்குப் போடுவதில் எட்டில் ஒரு பங்கு. பையனிடம் குட்டியின் விலையையும் பெட்டியின் விலையையும் சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள், எது மலிவு என்று அவனே சொல்வான்.