தங்கால் வழக்கும் தலைமைப் பாடமும்

சிவகாசிக்கு வடக்கே, விருதுநகர்ச் சாலையில், சிறு குன்றொன்றின் மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலையும் கருநெல்லிநாதர் கோயிலையும் ஒருங்கே தாங்கி நிற்கும் திருத்தங்கல், வைணவர்களுக்கு 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகவும், தமிழ் படித்தவர்களுக்குச் சிலப்பதிகாரத்துத் தங்காலாகவும், ஊராருக்கு 2021ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்துபோன பழைய நகராட்சியாகவும் விளங்குவது. இவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். தூக்குச்சட்டியும் தண்ணீர்ப் புட்டியுமாகப் பெண்கள் பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலைகளின் வேனுக்குக் காத்திருப்பார்கள். நாலடி தள்ளி அவர்கள் பெற்ற பெண்களே கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். சென்ற பருவத் தேர்வின்போது அப்படி நின்ற பெண்ணொருத்தி, கைநோட்டைப் பாதி மூடி, கண்ணை முழுதும் மூடி, தலைவனுக்குரிய பண்புகள் பத்தையும் விரல் மடக்கி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது பண்பு நினைவுக்கு வராமல் அவள் தவித்த தவிப்பு, இந்தத் தலைமைப் பாடத்தை வேறுவிதமாக வகுக்கலாகாதா என்ற என் நெடுநாளைய விசாரத்தை மீண்டும் கிளப்பிவிட்டது.

தலைமை பிறவிக் குணம், படித்து வருவதன்று என்று சொல்பவர்கள் எக்காலத்தும் உண்டு. நம் முன்னோர் அவ்வாறு கருதியதாகத் தெரியவில்லை. பொருட்பாலில் அரசியல் என்ற பகுதிக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கிய வள்ளுவர், இறைமாட்சியை முதலில் நிறுத்தி, அதன்பின் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல் என்று அடுக்கிச் சென்ற கிரமத்தைக் கூர்ந்து நோக்கினால், ஆள்பவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பயில வேண்டியவற்றை வகுத்த பாடத்திட்டமாகவே அது தோன்றும். இதில் இன்னொரு நயமும் உண்டு. சொல்வன்மை என்னும் அதிகாரம் அரசியலில் இல்லை. அது அமைச்சனுக்குரிய இடத்தில் வருகிறது. அரசனுக்கு விதிக்கப்பட்டது கேள்வி. பேசத் தெரிவதே தலைமையின் முதல் லட்சணம் என்று எண்ணும் நம் காலத்துக்கு இந்த வைப்புமுறை ஒரு மெல்லிய கண்டனம் போலவே இருக்கிறது.

தலைமையையே முதற்பாடமாகக் கொண்டு இளங்கலைப் பட்டம் வழங்கும் முயற்சிக்கு மேல்நாட்டில் பெயர்பெற்ற உதாரணம், அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் சர்வகலாசாலையில் 1992ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜெப்சன் தலைமையியல் பள்ளி. அதை அமைத்தவர்கள் தலைமையை வியாபார நிர்வாகத்தின் கிளையாக வைக்காமல், சரித்திரம், தத்துவம், அரசியல், மனோதத்துவம் ஆகிய துறைகளின் நடுவே நாட்டினார்கள். அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1978இல், ஜேம்ஸ் மக்ரிகர் பர்ன்ஸ் என்னும் சரித்திராசிரியர் தலைமை என்ற பெயரிலேயே நூலொன்று எழுதி, கொடுக்கல் வாங்கலோடு முடிந்துவிடும் தலைமை ஒன்று, தலைவனையும் பின்செல்பவர்களையும் ஒருங்கே மேலேற்றும் தலைமை மற்றொன்று என்று பிரித்துக் காட்டியிருந்தார். பின்னதற்கு அவர் எடுத்த உதாரணங்களில் நம் காந்தியடிகளும் ஒருவர்.

நம் கல்லூரிகளிலோ தலைமை என்பது பெரும்பாலும் வணிக நிர்வாகவியல் பட்டத்தில், ஊக்கமூட்டல், தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கு இடையே ஓர் அலகாக ஒண்டுக் குடித்தனம் நடத்துவது. பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் ‘ஜீவன் கௌசல்’ என்ற பெயரில் இளங்கலை மாணவர் அனைவருக்குமாக வகுத்த வாழ்க்கைத்திறன் பாடத்திட்டத்தின் 8 கிரெடிட்டுகளில் 2 கிரெடிட்டுகளைத் தலைமைக்கும் மேலாண்மைக்கும் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக வேண்டப்படும் 140 கிரெடிட்டுகளோடு ஒப்பிட்டால் இது கடலில் கரைத்த பெருங்காயந்தான். ஆனாலும் வாசல் திறந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

பாடத்திட்டம் எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியார்கள். தன்னாட்சிக் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடத்திட்டக் குழு உண்டு. துறைத்தலைவர் அதன் தலைவர். துறை ஆசிரியர்களோடு, வெளிக் கல்லூரி வல்லுநர் இருவர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர், பழைய மாணவர் ஒருவர் என இத்தனை பேரும் கூடி வகுத்ததைக் கல்விப் பேரவை ஏற்றுக்கொண்ட பிறகே அது வகுப்பறைக்கு வரும். சேர்ந்த மாணவர்கள் ஒரே திட்டத்தில் படித்து முடிக்க வேண்டும் என்பதால், பெருந்திருத்தம் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து அலகு. ஒவ்வொரு அலகின் பயனும் நினைவுகூர்தல் முதல் புதிது படைத்தல் வரையிலான ஆறு படிகளில் எதைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும். பெஞ்சமின் புளூம் முதலியோர் 1956இல் வெளியிட்டு, பின்னர் 2001இல் பிறரால் திருத்தியமைக்கப்பட்ட இந்தப் படிமுறை தன்னளவில் நல்லதே. அட்டவணையில் ‘படைத்தல்’ என்று எழுதிவிட்டு, வினாத்தாளில் ‘பண்புகளை விவரிக்க’ என்று கேட்டுவிடுவதில்தான் விபரீதம் பிறக்கிறது.

அத்தகைய குழுவொன்றில் ஒருமுறை அழைப்பாளனாக அமர்ந்திருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. பத்து மணிக்குத் தொடங்கிய கூட்டத்தில், நான்காம் அலகில் ஒரு கோட்பாட்டை எடுத்து மற்றொன்றை வைப்பதும், மேற்கோள் நூலின் பதிப்பாண்டை மாற்றுவதுமாகப் பகல் கழிந்தது. கையெழுத்துத் தாள் சுற்றிவரும் நேரத்தில், அதுவரை வாய் திறவாதிருந்த தொழில்துறைப் பிரதிநிதி, பட்டாசுத் தொழிலில் முடி நரைத்த பெரியவர், மெதுவாகச் சொன்னார்: “சார், பேசத் தெரிஞ்ச பிள்ளைக நெறைய வருதுக. வேலைய நிறுத்தச் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைகதான் வரமாட்டேங்குதுக.” அனைவரும் சிரித்தோம், கூட்டக் குறிப்பில் அந்த வாக்கியம் ஏறவில்லை.

அதன் பொருள் இந்தப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதன்று, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேரும் மருந்து அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. எடுத்துவைக்கும் மருந்துக்கு அளவு உண்டு. உராய்வும் வெயிலின் சூடும் நிலைமின்சாரமும் எந்த நேரத்திலும் அதைப் பற்றவைக்கக்கூடும். தீபாவளி நெருங்குகிறது, சரக்கு கேட்டு வியாபாரிகள் நெருக்குகிறார்கள், முதலாளி அவசரப்படுகிறார், கூலி போய்விடுமே என்று வேலையாட்களும் அவசரப்படுகிறார்கள் என்ற நிலையில், அறையில் ஐந்தாவது ஆள் உட்காருவதைக் கண்ட போர்மேன், இருபுறத்து மனஸ்தாபத்தையும் தாங்கிக்கொண்டு ‘நிறுத்து’ என்று சொல்கிறானா, பார்த்தும் பாராதவன் போலப் போகிறானா என்பதில்தான் அவனுடைய தலைமை முழுவதும் அடங்கியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் சுமார் 40 உயிர்கள் போயின. அத்தகைய நாளுக்குப் பிறகு விசாரணை உண்டு, நிவாரணம் உண்டு, தண்டனையும் உண்டாகலாம்; திருத்தம் என்பது மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊரின் பழங்கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் வரலாறுகளுள் அது ஒன்று. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்பவன், தங்காலில் இளைப்பாறியபோது, மழலை மாறாமல் வேதம் ஓதிய வார்த்திகன் மகன் தக்கிணனைக் கண்டு மகிழ்ந்து, அச்சிறுவனுக்கு அணிகலன்கள் அளித்துச் சென்றான். ஏழை வீட்டில் பொன் மின்னுவதைப் பொறாத அரசாங்க ஏவலாளர்கள், புதையலைக் கவர்ந்தவன் என்று பழிசுமத்தி வார்த்திகனைச் சிறையிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் புரண்டு அழுதாள். அன்று ஐயை கோயிலின் கதவு திறக்க மறுத்தது. கதவு மூடிக்கிடந்த செய்தி பாண்டியன் செவிக்கு எட்டியவுடன், தன் ஆட்சியில் எங்கோ கோல் கோடியிருக்கிறது என்று அஞ்சி அவன் விசாரித்தான்; ஏவலாளர் செய்த பிழையைத் தன் பிழையாகவே ஏற்று, பொறுக்குமாறு வேண்டி, தங்காலையும் வயலூரையும் வழங்கி, வார்த்திகன் முன் நிலத்தில் வீழ்ந்து வணங்கினான். அத்தோடு விடாமல் சிறைக்கதவுகளைத் திறக்கச் செய்து, பிறர் கொடுத்த பொருள் பெற்றவனுக்கும், புதையல் கண்டெடுத்தவனுக்கும் உரியதென்று முரசறைவித்தான்.

ஒரு செமஸ்டருக்குப் போதுமான விஷயம் இந்தச் சிறு கதைக்குள் இருக்கிறது. கீழே நடக்கும் அநீதி மேலே தெரியாமற்போவது ஏன் என்பது ஒரு பாடம். கெட்ட செய்தி கதவு மூடிய அளவிலேயே வந்தாலும் அதைச் செய்தியாகக் கேட்கும் செவி ஒரு பாடம். மன்னிப்புக் கேட்பதோடு நில்லாமல், இன்னொரு வார்த்திகன் சிறை புகாதபடி சட்டத்தையே மாற்றுவது மற்றொரு பாடம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே பாண்டியர் குலத்து அரசன் ஆராயாமல் கணவன் கோவலனைக் கொல்வித்தபின் மதுரையை எரித்து நிற்கும் கண்ணகியிடம் அது சொல்லப்படுகிறது. வார்த்திகன் உயிரோடிருந்தான், ஆகையால் அரசன் தன்னைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருந்தது. கோவலன் விஷயத்தில் அந்த அவகாசம் போய்விட்டது. திருத்தம் செல்லுபடியாகும் காலத்துக்குள் செவி கொடுப்பதே தலைமை என்று நான் கருதுவது இதைக்கொண்டுதான்.

ஏட்டுக்கு வெளியே பயின்ற தலைவர்களை இந்த மாவட்டம் அறியாததன்று. 1922ஆம் ஆண்டில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவரக் கல்கத்தாவுக்குப் போன சிவகாசி இளைஞர் இருவருள் ஒருவரான அய்ய நாடாரின் பெயரை 1963இல் தோன்றிய கல்லூரி தாங்கி நிற்கிறது. 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம் 1978 முதல் காமராசர் பெயரைத் தாங்குவதோ இன்னும் விந்தை. கல்லூரிப் படியை மிதியாதவர் பெயரால் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. சட்டமன்றக் கட்சித் தலைமைக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தை 1954இல் தம் மந்திரிசபையிலேயே அமர்த்திக்கொண்ட காமராசரின் காரியம், ‘முரண்பாட்டு மேலாண்மை’ என்று பாடநூல் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு உயிருள்ள உரை.

அனுபவத்தைப் படிப்போடு இணைக்க முயன்ற ஸ்தாபனமும் நமக்குத் தொலைவில் இல்லை. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிலையம் எழுந்து, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாணவர் கிராமத்தில் போய்த் தங்கி, அங்குள்ளாரோடு பழகி, அவர்கள் தேவையை அறிந்து வேலை செய்வது அங்கே படிப்பின் அங்கமாகவே வைக்கப்பட்டது.

ஆகவே தலைமைப் பாடத்தைத் திருத்துவோர், முதல் அலகைத் தங்கால் வழக்கைப் போன்ற நம்மூர் வழக்குகளோடு தொடங்கலாம். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள், வெடிபொருள் விதிகள் 2008 ஆகியவற்றைச் சட்டமாக மட்டுமன்றி, அவற்றை மீற நேரும் சந்தர்ப்பங்களோடு சேர்த்துப் படிப்பிக்கலாம். மாநகராட்சி வார்டு ஒன்றில் குடிநீர்க் குறை ஒன்றைக் கேட்டறிந்து, அது எந்த மேசையில் நிற்கிறது என்று பின்தொடர்ந்து, தாம் செய்த தவறுகளையும் மறைக்காமல் நாட்குறிப்பு எழுதும்படி மாணவரைப் பணிக்கலாம். இதற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. நாட்குறிப்புக்கு நியாயமாக மதிப்பெண் இடுவது கடினம். அறுபது பேர் கொண்ட வகுப்பின் ஆசிரியருக்கு அது பெருஞ்சுமை. கல்லூரி முடிந்து மாலையில் தீப்பெட்டி ஒட்டி வீட்டுக்கு உதவும் பிள்ளைக்கு வெளிவேலை மேலும் ஒரு பாரம். அந்த வேலையைக் கால அட்டவணைக்குள்ளேயே கொண்டுவந்து, வேறு இரண்டு அலகுகளைக் குறைத்தாலன்றி இச்சீர்திருத்தம் காகிதத்தில்தான் நிற்கும்.

முடிவாக ஒரு சிறு விண்ணப்பம். பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதிக்கென்று போடப்படும் நாற்காலியில் முதலாளியோ மேலாளரோ அமர்வது வழக்கம், அமரட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, காலையில் தூக்குச்சட்டியோடு வேனுக்கு நிற்கும் பெண்களில் ஒருவரை, அரைநாள் கூலியைக் கல்லூரியே கொடுத்து, அழைத்து உட்கார வைக்கலாம். யார் சொன்னால் கேட்பார்கள், யார் சொன்னால் கேட்பதில்லை, ஐந்தாவது ஆளாக உட்காரச் சொன்னபோது தாம் என்ன சொன்னோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தங்காலில் அரசனைத் திருத்தியது அவனுடைய மந்திரிசபையன்று, கார்த்திகையின் அழுகுரல். இம்முறை அவளை அழவிடாமல் முன்கூட்டியே கேட்டுவிட்டால், கோயில் கதவு மூடிக்கொள்ள வேண்டிய அவசியம் நேராது.